கறவையை விற்றுக் கன்று வாங்கலாமா?

அமெரிக்காவில் சிகாகோ என்றொரு மகா பட்டணம். அங்கே 'ஒயிட் ஸாக்ஸ்' என்று ஒரு பேஸ்பால் கோஷ்டி இருக்கிறது. வெள்ளைக் காலுறைக்காரர்கள் என்று அர்த்தம். இந்தக் கோஷ்டி 2024-ஆம் வருஷம் 162 பந்தயங்கள் ஆடியது. அதில் எத்தனை தோற்றது தெரியுமா? 121! ஜெயித்தது 41 தான். 1900-க்குப் பிறகு இத்தனை தோல்வியை ஒரே ஸீஸனில் எந்தப் பெரிய கோஷ்டியும் கண்டதில்லை. அதற்கு முன் இந்தப் 'பெருமை' 1962-ல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் கோஷ்டிக்கு இருந்தது. அவர்கள் தோற்றது 120. மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்துவிட்டவர்களைச் சேர்த்து அமைத்த கோஷ்டி அது, அதனால் மன்னிக்கலாம். சிகாகோவோ நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழங்குடும்பம். 2005-ல் உலகத் தொடரையே ஜெயித்த கோஷ்டி!

ஜூலை 10-ந் தேதி தொடங்கி ஆகஸ்ட் 5 வரை வரிசையாக 21 தோல்வி. ஆகஸ்ட் 6-ந் தேதி எப்படியோ ஒன்றை ஜெயித்தார்கள். 8-ந் தேதி மானேஜரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்தொன்று தோற்கிற வரையில் இருந்த உத்தியோகம், ஒன்று ஜெயித்த இரண்டாம் நாள் போயிற்று என்றால் அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார், பாவம்!

ஸீஸனின் கடைசி வாரத்தில் 120 தோல்வியுடன் சொந்த ஊர் திரும்பினார்கள். சரித்திரம் படைக்கும் அந்த 121-வது தோல்வியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். ஸொந்தக்காரர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் என்பவரை நோக்கி, "விற்றுவிடு, விற்றுவிடு!" என்று கோஷம் போட்டார்கள். ஆட்டக்காரர்களுக்கு ரோஷம் வந்துவிட்டதோ என்னவோ, சொந்த ஊரில் மூன்று பந்தயங்களையும் ஜெயித்து அபிமானிகளை ஏமாற்றினார்கள். பிறகு டெட்ராயிட் நகரத்துக்குப் போய் அங்கே அந்தக் காரியத்தை முடித்தார்கள்.

இலையுதிர் காலம் முடிந்து குளிர் வந்தது. ஆட்டம் இல்லாத மாதங்கள். ஆனால் பேஸ்பால்காரர்களுக்கு அதுதான் கல்யாணச் சந்தை மாதிரி. யாரை அனுப்புவது, யாரைக் கொண்டுவருவது என்று பேச்சு நடக்கும். சிகாகோவில் எழுந்த கேள்வி இதுதான்: இத்தனை தோற்ற பிறகு ஆட்களை மாற்றாமல் இருக்க முடியுமா? மாற்றுவது என்றால், இருக்கிற ஒரே நல்ல ஆளையுமா மாற்றுவது?

ஒரே ஒரு வைரம்

அந்த ஒரே ஆள் காரெட் க்ரோஷே. வயது அப்போது 25. இடது கைப் பந்து வீச்சாளர்; அவர்கள் பாஷையில் 'பிட்சர்'. 2022-ல் முழங்கையில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து, அந்த வருஷம் முழுவதும் ஆடவில்லை. 2024-ல் தான் முதன் முதலாக ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் பிட்சராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் ஒரு பந்தயத்தைக்கூடத் தொடங்கி வைத்திராதவர், அந்த ஸீஸனின் முதல் நாள் முதல் பந்தையே எறிந்தார். வருஷ முடிவில் 209 பேரை மட்டை படாமலே வெளியேற்றியிருந்தார்.

அப்படிப்பட்டவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றி ஆறு, தோல்வி பன்னிரண்டு! அவர் எதிரிகளைக் கட்டிப் போட்டாலும் அவருடைய கோஷ்டி ஓட்டம் எடுத்தால்தானே ஜெயிக்க முடியும்?

இங்கே விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கு விளங்காது. தொடக்கப் பிட்சர் தினமும் ஆடுவதில்லை. ஒருநாள் எறிந்தால் கை ஆறுவதற்கு நாலு நாள் ஓய்வு. ஆகவே ஐந்து பந்தயத்தில் ஒன்றுதான் அவர் கையில். மற்ற நாலு நாளும் அவர் பெஞ்சியில் உட்கார்ந்து, தம் கோஷ்டி தோற்பதைக் கண் குளிரப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். க்ரோஷே 162-ல் ஆடியது 32. முப்பத்திரண்டையும் ஜெயித்துக் கொடுத்திருந்தாலும் சிகாகோ உருப்பட்டிராது.

இன்னொரு விஷயம். பேஸ்பால் ஒப்பந்த விதிப்படி, ஓர் ஆட்டக்காரர் மேல்மட்டத்தில் ஆறு வருஷம் ஸர்வீஸ் முடித்தால் சுதந்திரப் பறவை. எந்தக் கோஷ்டி அதிகம் கொடுக்கிறதோ அங்கே போகலாம். க்ரோஷே 2026 முடிந்ததும் பறந்துவிடலாம். அவரை நிறுத்தி வைக்கப் பெரும் பணம் வேண்டும். சிகாகோ அதுவரை தன் சரித்திரத்தில் எந்த ஆட்டக்காரருக்கும் ஏழரைக் கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதியதில்லை. அந்த ஏழரைக் கோடியும் 2023 ஆரம்பத்தில் ஆண்ட்ரூ பெனின்டெண்டி என்பவருக்கு, ஐந்து வருஷத்துக்கு. க்ரோஷேக்கு அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆக, இரண்டு வருஷம் கறக்கிற பசு. பிறகு தானாகவே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடும். இப்போதே விற்றால் நாலு கன்றுக்குட்டி கிடைக்கும். கன்றுகள் வளருமா, கறக்குமா, யாருக்குத் தெரியும்? இதுதான் கேள்வி.

ஏற்கெனவே ஒரு தடவை

"விற்கக் கூடாது" என்றவர்கள் சொன்ன காரணத்தைச் சாமானியமாகத் தள்ளிவிட முடியாது. "இதே வியாபாரத்தை முன்பும் செய்தீர்களே, என்ன ஆயிற்று?" என்று அவர்கள் கேட்டார்கள்.

நிஜந்தான். 2016 டிசம்பரில் சிகாகோவில் கிறிஸ் ஸேல் என்ற பிட்சர் இருந்தார். அவரும் இடது கை. அவரும் கோஷ்டியின் முதல் தரம். அவரை விற்றார்கள். வாங்கியவர்கள் பாஸ்டன் 'ரெட் ஸாக்ஸ்', சிவப்புக் காலுறைக்காரர்கள். பதிலுக்கு யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் என்ற இளைஞர்களும் இன்னும் இருவரும் வந்தார்கள். மேலும் சிலரை விற்று, லூகாஸ் ஜியோலிட்டோ, எலோய் ஹிமேனஸ், டிலன் ஸீஸ் என்று ஒரு பட்டாளத்தையே சேர்த்தார்கள். ஊரெல்லாம், "ஆஹா, என்ன புத்திசாலித்தனம்!" என்றது. 2018-ல் பாஸ்டன் உலகத் தொடரை ஜெயித்தது. கடைசி ஆளை வெளியேற்றியவர் அந்த ஸேல்தான். சிகாகோ பொறுமையாகக் காத்திருந்தது. 2020-லும் 2021-லும் காத்திருந்ததற்குப் பலன் தெரிந்தது. 2021-ல் 93 வெற்றி. தங்கள் பிரிவில் முதலிடம்.

அப்புறம்? 2022-ல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-ல் 101 தோல்வி. 2024-ஐத்தான் பார்த்தோமே!

இளைஞர்கள் அடிக்கடி காயப்பட்டார்கள். சிலர் எதிர்பார்த்த உயரத்துக்கு வளரவில்லை. ஒருவர் விழுந்தால் அந்த இடத்துக்கு ஓடிவர இரண்டாம் வரிசையில் ஆள் இல்லை. நடுவில் 2020 இறுதியில், ஒன்பது வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்ட டோனி லாருஸாவை, 76 வயதில், மானேஜராகக் கொண்டுவந்தார்கள். பெரிய மேதைதான், ஆனால் இளைஞர் பட்டாளத்துக்கு அவர் பொருத்தமா என்று அன்றே பலர் முணுமுணுத்தார்கள். 2022-ல் உடல்நலக் குறைவால் அவர் விலகினார். 2023 ஆகஸ்டில் நிர்வாகிகள் இருவருக்கும் சீட்டுக் கிழிந்தது. கிறிஸ் கெட்ஸ் என்பவர் பொறுப்பேற்றார்.

இந்தக் கெட்ஸின் தலையில்தான் க்ரோஷே விவகாரம் வந்து விழுந்தது.

மாற்றினால் ஜெயிக்கலாமா?

பழைய கணக்குகளைப் புரட்டினால் இரண்டு விதமான சாட்சியும் கிடைக்கிறது.

1990-ல் அட்லாண்டா பிரேவ்ஸ் கோஷ்டி 97 தோற்றுத் தன் பிரிவில் கடைசி. அந்தக் குளிர் காலத்தில் டெர்ரி பெண்டில்டன் என்பவரை வாங்கினார்கள். முந்திய வருஷம் நூற்றுக்கு இருபத்து மூன்று தடவைதான் அவர் அடித்துத் தப்பியிருந்தார். "தேய்ந்த செருப்பை வாங்கி வந்திருக்கிறார்களே!" என்று சிரிக்கலாம்போலத் தோன்றும். மறு வருஷம் அவர் தம் லீகில் மட்டையடியில் முதல்வர். லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் அவருக்கே! பிரேவ்ஸ் 94 வெற்றி பெற்று உலகத் தொடர் வரையில் போயிற்று. வேடிக்கை என்னவென்றால், அங்கே எதிரில் வந்து நின்ற மின்னஸோட்டா ட்வின்ஸும் 1990-ல் தன் பிரிவில் கடைசியாக வந்த கோஷ்டிதான். அவர்களும் குளிர் காலத்தில் ஜாக் மாரிஸ் என்ற பிட்சரைச் சேர்த்திருந்தார்கள். தொடரின் ஏழாவது பந்தயத்தில் அந்த மாரிஸ் பத்து இன்னிங்ஸும் தாமே எறிந்து, 1-0 என்று ஜெயித்துக் கொடுத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அட்லாண்டாவில் டாம் கிளாவின், ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இளம் பிட்சர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். தோற்றுக்கொண்டே தொழில் கற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தைத் தவறாமல் பிடிக்கக்கூடியவர்களைத்தான் வெளியிலிருந்து கொண்டுவந்தார்கள். அரிசி பருப்பு வீட்டில் இருந்தது. உப்பும் புளியும் கடையில் வாங்கினார்கள். சிகாகோவில் 2024-ல் அரிசியே இல்லையே!

எதிர்ச்சாட்சி இன்னும் பழையது. 1899-ல் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் என்ற கோஷ்டியின் முதலாளிகள் செயிண்ட் லூயி கோஷ்டியையும் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் அதற்குத் தடை இல்லை. கிளீவ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம், மகா பிட்சர் ஸை யங் உள்பட, அந்தப் பக்கம் மாற்றினார்கள். இளையாளுக்கு நகையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு மூத்தாளை மூளியாக விட்ட கதைதான். அந்த வருஷம் கிளீவ்லாந்து 20 ஜெயித்து 134 தோற்றது. அடுத்த வருஷம் அந்தக் கோஷ்டியே இல்லை.

டிசம்பர் 11

2024 டிசம்பரில் பேஸ்பால் நிர்வாகிகளின் வருடாந்தரக் கூட்டம் டல்லாஸ் நகரில் நடந்தது. 11-ந் தேதி வியாபாரம் முடிந்தது. க்ரோஷே பாஸ்டனுக்கு! எட்டு வருஷத்துக்குப் பிறகு அதே வீட்டுக்கு இன்னோர் இடது கைப் பிள்ளையைத் தத்துக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்தவர்கள் நால்வர்: கைல் டீல், பிரேடன் மாண்ட்கோமரி, சேஸ் மைட்ராத், விக்கல்மன் கொன்ஸாலஸ். நால்வரில் ஒருவர்கூட அதுவரை மேல்மட்டத்தில் ஒரு பந்தயம் ஆடியதில்லை.

அதே நாள் சந்தடியில்லாமல் இன்னொன்றும் நடந்தது. கீழ்மட்டத்தில் முடங்கிக் கிடக்கும் ஆட்டக்காரரை வேறு கோஷ்டி ஒரு லட்சம் டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. எடுத்தவரை வருஷம் முழுவதும் மேல்மட்டத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கடைசியாக வந்த கோஷ்டி என்பதால் சிகாகோவுக்கு முதல் சான்ஸ். மில்வாக்கி கோஷ்டியிடமிருந்து ஷேன் ஸ்மித் என்ற பிட்சரை எடுத்தார்கள். யாரும் பொருட்படுத்தவில்லை. 2025 ஜூலையில் அவர் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார்! நாலு லட்சம் பேச்சு நடந்த கூட்டத்தில், மூலையில் கிடந்த மாணிக்கம் அது.

சாமான் மூட்டை

இந்த வியாபாரப் பேச்சில் ஒரு விஷயம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 'விற்றார்கள், வாங்கினார்கள்' என்று எழுதுகிறோமே, இவர்கள் மனிதர்கள் அல்லவா? ஒரு டெலிபோன் மணி அடிக்கிறது. நாளையிலிருந்து நீ வேறு ஊர்க்காரன் என்கிறார்கள். ஸீஸன் நடுவே என்றால் ஆட்டக்காரர் உடனே விமானம் ஏறிவிடுகிறார். வாடகை வீட்டைக் காலி செய்வதும், குழந்தைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றுவதும், சாமான்களை மூட்டை கட்டுவதும் யார் தலையில் விழும் என்று நம் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கர்ட் ஃப்ளட் என்ற நீக்ரோ ஆட்டக்காரர் — இப்போது கறுப்பர் என்பதே மரியாதை — 1969-ல் இதற்கு மறுத்து நின்றார். செயிண்ட் லூயியில் பன்னிரண்டு வருஷம் ஆடியவரை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். "இஷ்டம்போல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து அல்ல" என்ற கருத்தில் பேஸ்பால் தலைவருக்குக் கடிதம் எழுதினார். வழக்கு ஸுப்ரீம் கோர்ட் வரையில் சென்றது. 1972-ல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். ஆட்ட வாழ்வும் அத்துடன் போயிற்று. ஆனால் அவர் தட்டிய கதவு பிறகு திறந்தது. மேல்மட்டத்தில் பத்து வருஷம், அதில் கடைசி ஐந்து வருஷம் ஒரே கோஷ்டியில் ஆடியவரை அவர் சம்மதமில்லாமல் மாற்ற முடியாது என்ற உரிமை 1973-ல் வந்தது. 1975-ல் ஒரு மத்தியஸ்தரின் தீர்ப்பு, சுதந்திரப் பறவை முறைக்கும் வழி செய்தது.

ஆனால் இருபத்து இரண்டு வயதுக் கன்றுக்குட்டிகளுக்கு அந்த உரிமை ஏது? போ என்றால் போக வேண்டும். கீழ்மட்டத்தின் உச்சிப் படியில் 2023 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 35,800 டாலர்தான் குறைந்தபட்சச் சம்பளம். மேல்மட்டத்தில் கால் வைத்தால் குறைந்தபட்சமே 2025-ல் 7,60,000 டாலர்! சிறு ஊர்களில் தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்து, இந்தப் பிள்ளைகளுக்குச் சோறும் போட்டு வளர்த்த குடும்பங்கள் எத்தனையோ. 2022-லிருந்துதான் கோஷ்டிகளே பெரும்பாலோருக்கு ஜாகை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆயிற்று. அதுவரை அந்தத் தாய்மார்கள் இல்லாவிட்டால் பல பெரிய பெயர்கள் பட்டினியோடு ஊர் திரும்பியிருக்கும்.

கன்றுகள் என்ன ஆயின?

பாஸ்டனில் க்ரோஷே ஜொலித்தார். ஆறு வருஷத்துக்குப் பதினேழு கோடி டாலர் என்று உடனே எழுதிக் கொடுத்தார்கள். 2025-ல் 18 வெற்றி, 5 தோல்வி. 255 பேரை மட்டை படாமல் வெளியேற்றினார். சிகாகோவில் ஆறு, பாஸ்டனில் பதினெட்டு. அவர் கை மாறவில்லை. பின்னால் நின்றவர்கள் மாறினார்கள்.

சிகாகோ 60 ஜெயித்து 102 தோற்றது. "ப்பூ! இதுதானா?" என்று சொல்லிவிடலாம். ஆனால் முந்திய வருஷத்தைவிடப் பத்தொன்பது வெற்றி கூடுதல். வருஷத்தின் முதல் பாதியில் 32-க்கு 65 என்று தத்தளித்தவர்கள், ஜூலை இடைவேளைக்குப் பிறகு 28-க்கு 37 என்று ஆடினார்கள். டீல், மைட்ராத், கொன்ஸாலஸ் மூவரும் அந்த வருஷமே மேலே வந்துவிட்டார்கள். சொந்தத் தோட்டத்தில் விளைந்த கோல்ஸன் மாண்ட்கோமரி என்ற வாலிபர் 71 பந்தயத்தில் 21 தடவை பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். மே மாதத்தில் இன்னொரு சந்தோஷம்: சிகாகோவில் பிறந்த ஒருவர் பதினான்காம் லியோ என்ற பெயரில் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் ஒயிட் ஸாக்ஸ் அபிமானி! 2005 உலகத் தொடரின் முதல் பந்தயத்தைக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து பார்த்தவர். 121 தோற்றவர்களுக்கு வேறு யார் துணை?

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், க்ரோஷேயை விற்றது சரிதான் என்பேன். ஐந்து நாளில் ஒரு நாள் மட்டும் அடுப்பெரிய, மற்ற நாள் பட்டினி கிடக்கும் வீட்டில் வைர மூக்குத்தி எதற்கு? வேண்டுமென்றே தோற்றால் இளைஞர் தேர்வில் முதலிடம் கிடைக்கும் என்ற பழைய ஆசைக்கும் இப்போது இடமில்லை. புதிய குலுக்கல் விதிகளின்படி, 121 தோற்ற சிகாகோவுக்கு 2025-ல் கிடைத்தது பத்தாவது இடம்தான். ஆகவே விற்று வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

ஆனால் 2016-ல் ஆட்களை மாற்றினார்களே தவிர வீட்டை மாற்றவில்லை. அதுதான் எனக்குப் பயம். அதற்குச் சாட்சி ஆண்ட்ரூ வான் என்ற ஆட்டக்காரர். 2019-ல் நாட்டிலேயே மூன்றாவதாகத் தேர்ந்தெடுத்துச் சிகாகோ கொண்டுவந்த பிள்ளை. 2025 மே மாதத்தில் நூற்றுக்குப் பத்தொன்பதுகூடத் தேறவில்லை என்று கீழ்மட்டத்துக்கு இறக்கினார்கள். ஜூனில் மில்வாக்கிக்குத் தள்ளிவிட்டார்கள். ஜூலை 7-ந் தேதி அங்கே முதன்முதலாக மட்டையுடன் வந்து நின்றார். எதிரே பந்து எறிந்தவர் லாஸ் ஏஞ்சலஸ் கோஷ்டியின் ஜப்பானிய வீரர் யமமோட்டோ. வான் அடித்த பந்து வேலியைத் தாண்டியது, மூன்று ஓட்டம்! அப்புறம் அந்த வருஷம் முழுவதும் நூற்றுக்கு முப்பதுக்கு மேல். அதே கை, அதே மட்டை, ஒரே மாதத்துக்குள்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணலாக இருந்ததோ என்று சந்தேகம் வருகிறது.

கெட்ஸும் புதிய மானேஜர் வில் வெனபிளும் செய்ய வேண்டியது இதுதான்: டீலும் மைட்ராத்தும் இன்னொரு வான் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் குளிர் காலத்தில் புதிதாக யாரைக் கொண்டுவரலாம் என்று யோசிப்பதில் பாதி நேரத்தை, வந்தவர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுப்பதில் செலவழித்தால் போதும். 2005 மறுபடி வருமோ வராதோ, அபிமானிகள் "விற்றுவிடு!" என்று கத்துவதையாவது நிறுத்துவார்கள்.

நாலு கன்றுகளில் நாலாவதான பிரேடன் மாண்ட்கோமரி, 2025 ஸீஸன் முடிந்த அன்று வரையில் சிகாகோ மைதானத்தில் ஒரு பந்தயம்கூட ஆடவில்லை. அந்த நால்வரில் மிகவும் நம்பிக்கை வைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவர்.